பாட்டிலில் பழுத்த கனிகள்

என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அற்புதம் நிற்கிறது. ஸ்ட்ராபெர்ரி கிரஷ், 750 மில்லி. லேபிளில் ஒன்பது பழங்கள். எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒன்பதும் ஒரே அளவு, ஒரே சிவப்பு, ஒவ்வொன்றின் கன்னத்திலும் ஒரு பனித்துளி. ஊட்டியில் விடியற்காலையில் தோட்டத்துக்குள்ளேயே போய் நின்றாலும் இப்படி ஒன்பதைச் சேர்த்துப் பார்க்க முடியாது. ஒன்றை நத்தை கடித்திருக்கும், இன்னொன்றின் அடிவயிறு வெளுத்திருக்கும், மூன்றாவது கை பட்டதுமே அழுதுவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிப் போன பெரியவர்களுக்கு லேபிள் ஸ்ட்ராபெர்ரியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இந்தப் பாட்டிலின் குலத்துக்கு இப்போது மிக்ஸர் என்று பெயர். ஓமப்பொடி, காராபூந்தி, வறுத்த கடலை என்று கை நீட்ட வேண்டாம், இது வேறு. மதுவில் கலக்க, சோடாவில் கலக்க, மதுவே இல்லாமல் மதுவைப் போல உயரமான கிளாஸில் ஊற்றிக் காகிதக் குடை செருகிக் கொடுக்க என்று பழத்தின் பேரால் பாட்டிலில் வரும் திரவம். ஸ்குவாஷ், கிரஷ், கார்டியல், சிரப் என்று பங்காளிகள் ஏராளம். காராபூந்தி மிக்ஸரில் கடலை குறைந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிற ஜனங்கள் நாம். பழ மிக்ஸரில் பழம் குறைந்ததற்காக யாரும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவ்வளவு மரியாதையைச் சம்பாதித்து வைத்திருக்கிற பொருளை மனமாரப் பாராட்டி ஒருவராவது எழுத வேண்டாமா?

முதலில் அதன் ஜீவகாருண்யம். பழம் என்பது மரத்தின் பிள்ளை. அதைப் பிடுங்கி, தோலுரித்து, கசக்கிப் பிழிந்து குடிப்பது முரட்டுத்தனம். பாட்டில்காரர்கள் அந்தப் பாவத்தை இயன்றவரை குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம்தான் கொஞ்சம் கெடுபிடி. ஸ்குவாஷ் என்று பெயர் வைத்தால் நூற்றுக்கு 25 பங்காவது பழம் இருக்க வேண்டும் என்று நம் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் சொல்கிறது. கிரஷுக்கும் 25தான். பழ சிரப்புக்கும் 25தான். பிறகு எதற்கு மூன்று பெயர்? சர்க்கரை முதலாகக் கரைந்திருக்கும் சரக்கு ஸ்குவாஷில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கிரஷில் 55, சிரப்பில் 65. பழம் சேர்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரை ஏற ஏறப் பட்டம் ஏறுகிறது. அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கும்.

என் கிரஷில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கினால், கிளாஸுக்குள் வந்து சேரும் பழம் நூற்றுக்கு ஆறேகால். மாப்பிள்ளை ஒருத்தர், கூட வந்தவர்கள் இரண்டு பஸ் என்பது போல. ஆறேகாலுக்காகத் தொண்ணூற்று மூன்றேமுக்கால் புறப்பட்டு வந்து நிற்கிறது என்றால் அந்தப் பழத்தின் செல்வாக்கை என்ன சொல்ல!

தண்ணீர் கலக்கும் சிரமத்தையும் நமக்கு வைக்காமல், அப்படியே குடிக்க வரும் பழ பானத்துக்கு 10 சதவீதம் போதும். எலுமிச்சை என்றால் 5. அதிலே காஸ் ஏற்றிவிட்டால் 5 இருந்தாலே பழச்சாறு சேர்ந்த பானம், எலுமிச்சைக்கு இரண்டரை. எலுமிச்சை ரொம்பப் புளிக்கும், அதனால் சலுகை என்று காரணம் சொல்கிறார்கள். நியாயம்தான். லேபிளில் இருக்கும் எலுமிச்சை மட்டும் சலுகை எதுவும் கேட்காமல் முழுசாக, இலையோடு, நடுவில் வெட்டப்பட்டு, சாறு சொட்டச் சொட்ட நிற்கிறது.

இந்த இரண்டரையும் பாரம் என்று துறந்த மகான்கள் உண்டு. எலுமிச்சை மணமும் ஆரஞ்சு நிறமுமாக வரும் சில சோடா பாட்டில்களின் முதுகில் 'பழம் எதுவும் இல்லை' என்றே ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். எறும்பு வரிசை போன போக்கில் இருக்கும் அந்த எழுத்தைப் படிக்க வெயிலும் கண்ணாடியும் வேண்டும். ஆனாலும் அச்சடித்திருக்கிறார்கள். தன் குறையைத் தானே ஊரறியச் சொல்லிக்கொள்ளும் மனம் யாருக்கு வரும்? பெண் பார்க்கப் போன இடத்தில் இத்தனை நாணயம் காட்டியிருந்தால் நம்மில் பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது.

இதன் இன்னொரு பயனை 2022 ஏப்ரலில் கண்கூடாகப் பார்த்தோம். ஒற்றை எலுமிச்சம்பழம் பத்து ரூபாயைத் தாண்டிய மாதம் அது. பஸ் ஸ்டாண்டில் லெமன் சோடா போடுகிறவர் பாதிப் பழத்தைப் பிழிந்துவிட்டு மீதிப் பாதியை நகை போலப் பத்திரப்படுத்தினார். சாமி படத்துக்கு மாலை போடுகிறவர்கள் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். பலசரக்குக் கடை அலமாரியில் இருந்த லைம் கார்டியல் மட்டும் சலனமே இல்லாமல் நின்றது. எலுமிச்சைச் சந்தையில் என்ன நடந்தால் அதற்கென்ன? எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியில் அதற்கு வேண்டியவர்கள் யாரும் இல்லை.

இந்த ஸ்திதப்பிரக்ஞை பரம்பரையாக வந்தது. கார்டியலின் பூர்வோத்தரம் ஸ்காட்லாந்தில், எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகத்தில் இருக்கிறது. நெடுங்கடல் போகும் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, பல் உதிர்ந்து, பழைய காயம் வாய் பிளக்கும் ஸ்கர்வி நோய் வந்துகொண்டிருந்தது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் நோயாளிகளைப் பிரித்து வைத்துச் சோதித்தார். ஆரஞ்சும் லெமனும் தின்றவர்கள்தான் எழுந்து உட்கார்ந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை அவசரப்படாமல் யோசித்து, 1795-இல் லெமன் சாறு கொடுக்க ஒத்துக்கொண்டது. வெறும் 48 ஆண்டு யோசனை.

சாறு கெடாமல் இருக்க அதில் சாராயம் கலந்து வைப்பார்கள். 1867-இல் லீத்தைச் சேர்ந்த லாக்லன் ரோஸ், சாராயமே இல்லாமல் லைம் சாற்றைக் கெடாமல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்தார். அதே ஆண்டு வணிகக் கப்பல்களிலும் இந்தச் சாறு கொடுத்தாக வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. வியாபாரிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பால் நழுவி ரோஸ் வாயில் விழுந்தது.

லைம் என்பது நம் எலுமிச்சைதான். லெமன் அதன் பெரிய, மஞ்சள் உறவு. மத்தியத்தரைக் கடல் பக்கத்து லெமனை விட்டுவிட்டுத் தம் மேற்கிந்தியத் தீவுத் தோட்டங்களின் லைமுக்கு பிரிட்டிஷார் மாறியது சிக்கனத்தால். அந்தச் சாறு செம்புக் குழாய்களில் ஓடி, பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்து, கப்பலேறியபோது அதிலிருந்த சத்து முன்பே வேறு கப்பலில் போய்விட்டிருந்தது. 1875-இல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் வடதுருவம் நோக்கிப் போன குழு, கையில் லைம் சாற்றோடு போய் ஸ்கர்வியோடு திரும்பியது. 1918-இல் லண்டன் லிஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் ஹாரியட் சிக் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். புதிதாய்ப் பிழிந்த லைமுக்கே லெமனில் கால் பங்கு வலுதான், பதப்படுத்திய சாற்றில் அதுவும் இல்லை என்று தெரிந்தது. நோய் தீர்க்கக் குடித்தார்கள், நோய் தீரவில்லை, குடிப்பது மட்டும் நிற்கவில்லை. ஒரு பொருளுக்கு இதைவிடப் பெரிய வெற்றி உண்டா? சாராயத்தை விலக்கப் பிறந்த அந்தப் பாட்டிலை அதிகாரிகள் ஜின்னில் ஊற்றி கிம்லெட் என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். துப்பறியும் கதை எழுதிய ரேமண்ட் சாண்ட்லர் 1953-இல் வந்த தம் நாவலில், பாதி ஜின்னும் பாதி ரோஸின் லைமும் மட்டுமே அசல் கிம்லெட் என்று ஒரு பாத்திரத்தைச் சொல்ல வைத்தார். புதிதாய் எலுமிச்சை பிழிந்து கொடுத்தால் போலி. பாட்டிலே அசல், பழமே போலி என்று இலக்கியமே தீர்ப்பெழுதிய பிறகு நானும் நீங்களும் எம்மாத்திரம்.

இப்போது சொந்தக் கதை ஒன்று. போன ஆவணியில் என் அக்கா மகள் வரவேற்பு. மண்டப வாசலில் பன்னீர் தெளித்து, கற்கண்டும் சந்தனமும் நீட்டிய காலம் போய், இப்போது 'வெல்கம் டிரிங்க்' நீட்டுகிறார்கள். வரிசையாகக் கண்ணாடிக் கிளாஸ்கள். அத்தனையிலும் நீலம். கடல் நீலமுமில்லை, மயில் கழுத்து நீலமுமில்லை. பேனா மை கொட்டிய நீலம். என் அத்தை ஒரு கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, மயில்துத்தத்தக் கரைச்சு வச்சிருக்காங்களா?" என்றார். வயலுக்கு மருந்தடித்த வீட்டுப் பெண் அவர்.

நான் பரிமாறிய பையனிடம் கேட்டேன். "தம்பி, இது என்ன பழம்?"

"ப்ளூ கியூராசோ சார்."

"அது எந்த ஊர்ப் பழம்?"

"ப்ளூ பழம்தான் சார்," என்று அடுத்தவருக்கு நீட்டப் போய்விட்டான்.

அவன் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியாது. கியூராசோ என்பது வெனிசுவேலாவுக்கு எதிரே கரீபியன் கடலில் இருக்கும் தீவு. ஸ்பானியர்கள் அங்கே வலென்சியா ஆரஞ்சைக் கொண்டுபோய் நட்டார்கள். வறண்ட மண்ணும் வெயிலும் சேர்ந்து அதை வாயில் வைக்க முடியாத கசப்பாக மாற்றிவிட்டன. லராஹா என்று அதற்குப் பெயர். தின்ன உதவாத அந்தக் காயின் தோலைக் காயவைத்தால் மட்டும் அருமையான வாசனை வந்தது. அதில் மது செய்தார்கள். பின்னால் யாருக்கோ நீலம் கலக்கும் யோசனை வந்தது. இன்று மண்டபத்துக்கு வரும் சிரப்பில் அந்த மதுவும் இல்லை, அந்தத் தீவும் இல்லை, அந்தக் காயும் இல்லை. ஐஎன்எஸ் 133 என்ற எண்ணோடு நீலம் மட்டும் இருக்கிறது. அடையாளங்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி வைத்துவிட்டு நிறமாக மட்டும் மிஞ்சுவது என்று சித்தர்கள் தவம் கிடந்து தேடிய நிலையை ஒரு சிரப் எட்டியிருக்கிறது.

அதன் சிவந்த தங்கை கிரெனடின். பிரெஞ்சில் கிரெனாட் என்றால் மாதுளை. மாதுளைச் சாற்றைக் காய்ச்சிச் செய்த பாகுக்கு அந்தப் பெயர் வந்தது. இன்று விற்கும் கிரெனடின் பலவற்றின் முதுகைத் திருப்பினால் சர்க்கரை, தண்ணீர், சிட்ரிக் அமிலம், சிவப்புச் சாயம், மணமூட்டி என்று வரிசை போகும், மாதுளையைக் காணோம். மாதுளையை உரிப்பது எவ்வளவு வேலை என்பது வீட்டில் உரித்தவர்களுக்குத் தெரியும். ஒரு முத்து சட்டையில் தெறித்தால் கறை போகாது. அந்தத் தொல்லையிலிருந்து உலகத்தை மீட்ட பாகு இது. கறை மட்டும் அப்படியே படும். இதை ஜிஞ்சர் ஏலில் ஊற்றிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பானத்துக்கு ஹாலிவுட்டின் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் பெயர். அந்த அம்மாளுக்கே அது பிடிக்கவில்லை. 1988-இல் அதைப் பாட்டிலில் அடைத்துத் தம் பெயரில் விற்க வந்தவர்கள் மேல் வழக்குப் போட்டார். அதிகமாகப் புகழப்பட்டவர்கள் சிலர் இப்படித்தான் நன்றி மறந்துவிடுகிறார்கள்.

மண்டபத்தில் நீலம் வேண்டாம் என்றவர்களுக்குக் கருநீலத்தில் திராட்சை இருந்தது. முகர்ந்ததுமே 'கிரேப்' என்று மூக்கு சொல்லிவிடும். அந்த வாசனையின் பெயர் மெத்தில் ஆந்த்ரனிலேட். அமெரிக்காவின் கான்கார்டு திராட்சையில் இயற்கையாகவே உள்ள பொருள். பழத்தோட்டங்களில் பறவைகளை விரட்டத் தெளிக்கிறார்களே, அதுவும் இதேதான். பறவைக்கு இந்த வாசனை ஆகாது. கிளியும் மைனாவும் பறந்து போகிற ஒன்றை நம் குழந்தைகள் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகின்றன என்றால், பரிணாமத்தில் மனிதன் எவ்வளவு தூரம் வந்துவிட்டான் பாருங்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அது மஸ்கட் இனம். அதன் வாசனை வேறு. சென்னையில் வளரும் என் பேரன் அதைத் தின்று பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல கிரேப் வாசனையே இல்லியே" என்றான். தேனி மாவட்டமே வருஷம் முழுக்க விளைவித்தும் திராட்சைக்குத் திராட்சை வாசனை கொண்டுவர முடியவில்லை. ஒரு சொட்டு எசென்ஸ் கொண்டுவந்துவிட்டது.

அதே வரவேற்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் எங்கள் சித்தப்பா. கையில் 'மாங்கோ மொஹிட்டோ'. விளிம்பில் ஒரு புதினா இலை. உறிஞ்சிவிட்டு என்னிடம், "இது நம்ம பெங்களூராதான், தெரியுமா?" என்றார், பெற்ற பிள்ளையைச் சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்துவிட்ட தகப்பன் மாதிரி.

பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்கிற தோதாபுரி மாங்காய்தான் கூழ்த் தொழிற்சாலைகளின் முக்கியச் சரக்கு. கிருஷ்ணகிரியும் ஆந்திரத்தின் சித்தூரும் அதற்குப் பேர் போனவை. லேபிளில் அல்போன்சா கன்னம் சிவந்து நிற்கும். உள்ளே கிளிமூக்கு உழைக்கும். 2025 கோடையில் விளைச்சல் கொட்டியது. விலை விழுந்தது. சித்தூர் பக்கம் தொழிற்சாலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்கட்டும், மேலே 4 ரூபாய் நாங்கள் போடுகிறோம் என்று ஆந்திர அரசு சொல்ல வேண்டிவந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் சித்தப்பாவிடம் கிலோ ஐந்துக்குக் கேட்டார்களாம். பறிகூலியும் டிராக்டர் வாடகையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பாதியை மரத்திலேயே விட்டுவிட்டார்.

நான் அங்கேயே பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ மாம்பழத்தில் ஏறக்குறைய அரைக் கிலோ கூழ். சட்டம் கேட்கும் 10 சதவீதம் மட்டும் போட்டால் அதில் ஐந்து லிட்டர் பானம். 200 மில்லி டப்பாவாக 25. பத்து ரூபாய் வீதம் 250 ரூபாய். சித்தப்பாவுக்கு ஐந்து. நாப்கினை அவரிடம் காட்டினேன். பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மிச்சத்துக்குத் தண்ணி, சர்க்கர, டப்பா எல்லாம் வாங்கணும்ல" என்றார். விவசாயியின் மனசை இவ்வளவு விசாலமாக்கி வைத்திருப்பதும் இந்தத் தொழில்தான். முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் நாரதர் ஒற்றை மாம்பழத்தை வைத்து அல்லவா வம்பு வளர்த்தார்? ஒரு பாட்டில் மாங்கோ கிரஷ் கொண்டுபோயிருந்தால் ஆளுக்கு ஏழெட்டு கிளாஸ் கலக்கிக் கொடுத்திருக்கலாம். பழனிக்கு நாம் படியேற வேண்டிய வேலையும் மிச்சம்.

பானத்தை விட நுட்பமானது அதைப் பற்றிய கணிதம். சாற்றிலிருந்து தண்ணீரை ஆவியாக்கிக் கெட்டியாக்குவார்கள். அந்த ஆவியோடு வாசனையும் கிளம்பிப் போகும். பிறகு வேறோர் ஊரில் தண்ணீரைத் திரும்ப ஊற்றி, போன வாசனைக்குப் பதில் ஆள் வைத்து, '100 சதவீதம் பழச்சாறு' என்று எழுதிவந்தார்கள். கடையில் வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணக்கு நேர் என்பதைப் போல. 2024 ஜூனில் ஆணையம் இதற்குத் தடை போட்டு, அந்த வாசகத்தை லேபிளிலிருந்து எடுக்கச் சொன்னது. அச்சடித்து வைத்த அட்டைப் பெட்டிகள் தீரட்டும் என்று அவகாசமும் கொடுத்தது. உண்மைக்கு அவசரம் இல்லை. அட்டைப் பெட்டிக்குச் செலவாகியிருக்கிறது.

வரித்துறையும் தன் பங்குக்கு ரசிகத்தன்மை காட்டியது. 2025 செப்டம்பர் 22 முதல் பழக்கூழ் பானத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதே பானத்தில் காஸ் ஏற்றினால் 40. நடுவில் இருப்பது குமிழி. முப்பத்தைந்து சதவீதம் வரி பெறும் அளவுக்குக் காற்றுக்கு இந்த நாட்டில் மதிப்பு இருக்கிறது என்பதைக் கோலி சோடா அடித்த தாத்தாக்கள் அறிந்திருந்தால் வீடு கட்டியிருப்பார்கள்.

கடைசியாக, குடிக்காதவர்களுக்கு இது செய்யும் உபகாரம். நண்பர்களோடு பெரிய ஓட்டலுக்குப் போய் மது வேண்டாம் என்று சொல்கிற மனிதன் முன்பெல்லாம் ஒரு லைம் சோடாவோடு மூலையில் ஒடுங்கியிருந்தான். இப்போது அவனுக்கு மாக்டெயில் வருகிறது. பெயரிலேயே கேலி இருக்கிறது என்பது ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு மட்டும் உறைக்கும். 30 மில்லி சிரப், நிறைய ஐஸ், சோடா, மேலே ஒரு செர்ரி. 750 மில்லி பாட்டிலில் இப்படி 25 கிளாஸ் ஊற்றலாம். பாட்டில் விலை ஐந்நூறு என்றால் கிளாஸுக்குச் சரக்கு இருபது ரூபாய். பில்லில் வருவது என்ன என்பதை நீங்களே உங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். பர்ஸும் அங்கேதான் இருக்கும். கெட்டி சிரப் என்றால் அந்த 30 மில்லியில் சுமார் 25 கிராம் சர்க்கரை. பெரியவர் ஒருவர் நாள் முழுதும் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையை இந்த அளவுக்குள் நிறுத்தினால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மது தொடாத உத்தமர் அதை ஒரே கிளாஸில், சாப்பாட்டுக்கு முன்பே, குடைக் குச்சியோடு முடித்துவிடுகிறார். குடிக்கிறவர்களுக்கு வேறு வகை கருணை: ஓட்காவின் கசப்பை இனிப்பு மூடிவிடுவதால் மூன்றாவது எது, ஐந்தாவது எது என்று எண்ணும் வேலை இல்லை.

வெனிஸில் ஹாரிஸ் பார் என்று ஒரு பழைய இடம் இருக்கிறது. அங்கே 1948-இல் ஜியூசெப்பே சிப்ரியானி என்பவர் வெள்ளை பீச் பழத்தைக் கூழாக்கி, இத்தாலிய நுரை ஒயினோடு கலந்து, பெல்லினி என்ற பானத்தைச் செய்தார். பீச் காய்க்கிற மாதங்களில்தான் முதலில் அது கிடைத்ததாம். என்ன பிழைப்பு! காய்க்காத மாதத்தில் வந்த வாடிக்கையாளரிடம் போய் வாருங்கள் என்று சொல்லும் வியாபாரம் ஒரு வியாபாரமா? நம் பாட்டிலுக்குப் பருவம் தெரியாது, மழை தெரியாது, வண்டு தெரியாது. என் வீட்டு ஸ்ட்ராபெர்ரி கிரஷைத் திறந்து ஏழு மாதம் ஆகிறது. பூஞ்சை இதுவரை எட்டிப் பார்க்கவில்லை. தனக்கு எது உணவு என்று பூஞ்சைக்குத் தெரியும்.

எங்கள் பஸ் ஸ்டாண்டில் எலுமிச்சை பிழிகிற அந்த மனிதரையும் ஒப்புக்கு ஒரு வரி சொல்லிவிட வேண்டும். அவரிடம் ஒரு நாள் புளிக்கும், ஒரு நாள் கசக்கும், கொட்டை வாயில் அகப்படும், உப்பு தூக்கலாகிவிடும். பழம் எப்படியோ அப்படியே பானம். கொஞ்சமும் கட்டுப்பாடு இல்லாத ஆள். பதினைந்து ரூபாய் வாங்கிக்கொள்கிறார். படம் போட்ட லேபிள்கூடக் கொடுப்பதில்லை.

வரவேற்பு முடிந்து ஆல்பம் வந்தது. மேடையில் மணமக்கள் பக்கத்தில் நான், அக்கா, மோர் கேட்டு வாங்கிக் குடித்த அத்தை. போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னார், எல்லோரும் சிரித்திருக்கிறோம். அத்தையைத் தவிர எல்லார் நாக்கும் நீலம்.